சம்பந்தி வீடு பார்க்க வந்தார்

வியாகுலமேரி கறிக்கடை வைத்திருக்கிறாள். ஆவூர் கோயிலுக்குப் போகிற வழியில் தகரக்கூரை போட்ட சின்னக் கடை. கணவர் அருளப்பன் இருந்தவரை அவர் வெட்டுவார், இவள் நிறுத்துக் கொடுப்பாள். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு, பொம்பளை கறிக்கடை வைப்பதா என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். துக்கம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தது. கத்தியை அவளே பிடித்தாள்.

ஆட்டின் முதுகில் கை வைத்துப் பார்த்தே என்ன கறி தேறும் என்று சொல்லிவிடுவாள். ஆளையும் அப்படித்தான், ஒரு தடவை பார்த்தால் போதும் என்பாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் மே மாதத்தில் ஒன்றுமே பிடிபடாமல் திண்டாடினாள்.

அவளுக்கு ஒரே மகன், ஆண்ட்ரூஸ். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு, மேல்படிப்பு என்று கனடாவுக்குப் போனான். படிப்பு முடிந்ததும் நகரத்தில் வேலை அமையவில்லை. வடக்கே, வெகு தூரத்தில், ஒரு ஊரில் கடை வேலை கிடைத்தது. அந்த ஊருக்கு ரோடு கிடையாது. கோடையில் சின்ன விமானத்தில் போக வேண்டும். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே லாரி ஓடும்.

"என்ன கடைடா அது?" என்று போனில் கேட்டாள்.

"எல்லாம் விக்கிற கடைம்மா. அரிசி, டயரு, துணிமணி எல்லாம். குளிர்காலத்துல ஆளுங்க காட்டுல பிராணி புடிச்சுத் தோல் கொண்டாருவாங்க. நான்தான் பாத்து எடுத்து, கட்டி, விமானத்துல ஏத்தி விடுவேன்."

அந்த ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஆட்டுத்தோலில் கல்லுப்பு தடவி அடுக்கிவைத்து, திருச்சியிலிருந்து வருகிற தோல் வியாபாரியிடம் போடுவது அவளுடைய பிழைப்பிலும் ஒரு பகுதி. மகன் கப்பலேறிப் போயும் தோலைத்தான் தூக்குகிறான் என்று சிரித்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் அவன் ஒரு பெண்ணை வீடியோவில் காட்டினான். ஜோலீன் என்று பேர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். "அம்மா, சாப்டீங்களா?" என்று அந்தப் பெண் திரைக்குள்ளிருந்து கேட்டது. வியாகுலமேரிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்ட்டேன், நீ சாப்ட்டியா?" என்றாள்.

அருளப்பனின் தம்பி சந்தனராஜ் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் அவன்தான் முன்னால் நிற்பான்.

"என்ன ஆளுங்க மதினி? வெள்ளக்காரவுகளா?"

"இல்லையாம். அந்த மண்ணுல வெள்ளக்காரன் வாரதுக்கு முன்னாடியே இருந்தவுகளாம். கிரீங்கிற சனம். முன்னயெல்லாம் அவுகள இந்தியருன்னுதான் எழுதுவாங்களாம்."

"இந்தியரா? அப்ப நம்மாளுகதான். எந்தக் காலத்துலயோ இங்கிட்டிருந்து போயிருப்பாக."

"அப்படி இல்லையாம். கப்பல்ல வந்தவன் வழி தவறி, இதுதான் இந்தியான்னு நெனச்சு வச்ச பேராம்."

சந்தனராஜுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. ஊருக்குள் போய், பெண் வீட்டார் பூர்வீகத்தில் இந்தியர் என்று சொல்லிவைத்தான். அது கைமாறி, பர்மா தமிழர் என்றும், இலங்கையிலிருந்து போனவர்கள் என்றும், ஒருவர் வாயில் காரைக்குடிப் பக்கம் என்றும் ஆனது. கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகக் கேட்க, வியாகுலமேரிக்கே எது சரி என்று குழம்பியது.

கல்யாணம் ஆவூர்க் கோயிலில் என்று முடிவானது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக ஆண்ட்ரூஸும் ஜோலீனும் அவள் அப்பாவும் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா பேர் எலைஜா. ஊர்க்காரர்கள் அதை எலியாஸ் ஆக்கிக்கொண்டார்கள். நெடுநெடுவென்று உயரம். வெள்ளை முடியைப் பின்னால் சடையாகப் போட்டிருந்தார். முகத்தைப் பார்த்தால், விராலிமலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பையன்களின் தாத்தா என்று சொல்லலாம்.

வெயிலில் மனிதர் வதங்கிப்போனார். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். காபியைக் குடித்து முடித்தவர், எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு பின்கட்டுக்குப் போனார். அங்கிருந்து வந்து ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்த்தார். கொடியில் காய்ந்த சுடிதாரின் முன்னால் நின்று, மகளிடம் ஏதோ கேட்டார்.

"இது யாரோடதுன்னு கேக்குறாரு," என்றான் ஆண்ட்ரூஸ்.

"மெர்லினோடது. நேத்து வந்து ஒத்தாச பண்ணிட்டு மாத்திப் போட்டுட்டுப் போனா."

மெர்லின் சந்தனராஜின் மகள். கீரனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஆண்ட்ரூஸ் அதைச் சொன்னான். எலைஜா தலையசைத்தார். ஆனால் முகம் தெளியவில்லை. இந்த வீட்டில் யார் யார் படுப்பது, ஆண்ட்ரூஸ் சின்ன வயதில் யாரோடு வளர்ந்தான், யாருக்காவது பேசி வைத்திருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போலீஸ்காரன் மாதிரி சுத்துறாரே மதினி. வசதி பாக்குறாரோ?" என்றான் சந்தனராஜ்.

"பொண்ணு வீட்டுக்காரவுக வீடு பாக்குறது மொறதானே."

அப்படிச் சொன்னாளே தவிர, அவளுக்கும் பிடிபடவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், எத்தனை பங்காளி என்று கேட்பார்கள். இவர் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடைக்கு வந்தார். ஜோலீனும் கூட வந்தாள். ஆண்ட்ரூஸ் சொல்லிக்கொடுத்து அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மெர்லினும் அன்று கடையில் இருந்தாள், இங்கிலீஷுக்கு அவள். உரித்த தோலை வியாகுலமேரி விரித்ததும் எலைஜா குந்தி உட்கார்ந்து, உள்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவள் உப்பை அள்ளியதும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு தோள்பையிலிருந்து தான் கொண்டுவந்த தோலை எடுத்தார்.

சுளகு அளவுக்கு வட்டமாக இருந்தது. பீவர் என்று ஒரு பிராணியாம். மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டி வாழுமாம். வியாகுலமேரி கையைத் துடைத்துவிட்டு அந்த மயிருக்குள் விரலை விட்டாள். தோலைத் தொட முடியவில்லை. அவ்வளவு அடர்த்தி. உப்பு வாடை இல்லை. வளையத்தில் இழுத்துக் கட்டி வெறுமனே காயவைத்தது என்று தெரிந்தது.

"யாரு இதச் சுத்தம் பண்ணுனது?"

"அவரு தங்கச்சியாம்," என்றாள் மெர்லின். "புடிக்கிறது ஆம்பள. ஆனா சொரண்டி, இழுத்து, காயவச்சு வெலைக்கு ஆக்குறது பொம்பளைங்கதானாம்."

"இத எவன் வாங்குறான்?"

"இப்ப ரொம்பப் பேரு வாங்குறதில்லையாம். அந்தக் காலத்துல இதுக்காகவே கடல் தாண்டி வந்தாங்களாம். அவங்க நாட்டுல இந்த மயிர வச்சுத் தொப்பி செய்வாங்களாம்."

"தொப்பிக்கா? ஒரு தொப்பிக்கா கடல் தாண்டி வந்தாய்ங்க?"

மெர்லின் அதைச் சொன்னதும் எலைஜா முதல் தடவையாகச் சிரித்தார். தோலுக்குப் பதிலாகச் சட்டி, கம்பளி, ஊசி, துப்பாக்கி எல்லாம் கொடுத்தார்கள் என்றார். சட்டி நல்ல சட்டிதானா என்று வியாகுலமேரி கேட்டாள். நல்ல சட்டிதான், உடையாத சட்டி, அதனால்தான் வாங்கினோம், எங்கள் ஆட்கள் ஏமாளிகள் இல்லை என்றார். அதற்குப் பிறகு குரலைத் தணித்து இன்னும் ஏதோ சொன்னார். அதற்குள் கோயில் விட்டுக் கூட்டம் வந்துவிட்டது. வியாகுலமேரி தராசுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. மெர்லின் கீரனூருக்குத் திரும்பியிருந்தாள். ஆண்ட்ரூஸ் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எலைஜா, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் போய் நின்றார். நகரவே இல்லை.

மெர்லினின் கல்யாணப் படம் அது. வெள்ளைப் பட்டும் தலையில் கிரீடமுமாக மெர்லின் நிற்கிறாள். பக்கத்தில் கோட்டு போட்ட ஆண்ட்ரூஸ், அவள் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறான். அண்ணன் தங்கை படம் நன்றாக வந்திருக்கிறது என்று மாப்பிள்ளையை விட்டுவிட்டு இதைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கடையில் கறிக்கடைத் துண்டு கட்டி நின்ற மெர்லின்தான் இவள் என்று அலங்காரத்தில் அடையாளம் தெரியவில்லை.

எலைஜா மகளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். ஜோலீன் வியாகுலமேரியைப் பார்த்தாள். "அம்மா, இது யாரு?"

"எங்க வீட்டுப் பொண்ணு," என்றாள் வியாகுலமேரி சிரித்தபடி.

ஜோலீனின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணத்துக்காக ஆண்ட்ரூஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று. மாப்பிள்ளை என்றால் அவன், பொண்ணு என்றால் அவள். "பொண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஆமாம்மா, பொண்ணு," என்று வியாகுலமேரி மறுபடியும் சொன்னாள். அப்பாவும் மகளும் தங்கள் மொழியில் ஏதோ பேசினார்கள். எலைஜா போய்த் தன் பெட்டியைத் திறந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டில் ஏதாவது ஆகிவிட்டதா, தான் மரியாதைக் குறைவாக ஏதும் சொல்லிவிட்டோமா என்று ஒன்றும் விளங்காமல் வியாகுலமேரி ஆண்ட்ரூஸுக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து, கேட்டு, தலையில் அடித்துக்கொண்டான். மெர்லினுக்குப் போன் போனது. அவள் மறுபடியும் கிளம்பி, கணவனோடும் குழந்தையோடும் பைக்கில் வந்து இறங்கினாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். எலைஜா வெகுநேரம் பார்த்தார். பிறகு மெர்லினின் கணவனிடம் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்தான்.

"எதுக்குய்யா இவ்வளவு பயம்?" என்று வியாகுலமேரி கேட்டுவிட்டாள். "சம்பந்தி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல மெர்லின் தமிழில் சொன்னாள்.

தோல் வாங்க வந்தவர்கள் அங்கேயே கடை போட்டு வருஷக்கணக்கில் தங்கினார்கள். தங்கியவர்கள் எங்கள் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். பலவந்தமாக இல்லை, எங்கள் முறைப்படி, பெற்றவர்களைக் கேட்டுத்தான். அந்தப் பெண்கள் தோலைப் பதம் பண்ணினார்கள். பனியில் நடக்கிற காலணி பின்னிக் கொடுத்தார்கள். பாஷை சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரன் பிழைத்ததே அவர்களால்தான். கடைசிவரை கூட இருந்தவர்களும் உண்டு. ஆனால் பலர், வேலைக்காலம் முடிந்ததும் கப்பலேறிப் போய்விட்டார்கள். போய், தங்கள் ஊரில் கோயிலில் வைத்து வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு கரையில் நின்றாள். வசந்தத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. அவனுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு வீடு, ஒரு பெண் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

"இவனும் கடைக்காரன்தான்," என்று முடித்தார் எலைஜா. "வெளியூர்க்காரன். தோல் வாங்குறவன். நல்ல பையன். அவங்களும் நல்ல பையனுங்களாத்தான் இருந்திருப்பாங்க. அதான் நான் பாக்க வந்தேன்."

மகள் வந்த சேதி தெரிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சந்தனராஜுக்கு மனம் பொறுக்கவில்லை. நல்ல வார்த்தை சொல்லி மனிதரைத் தேற்றிவிட நினைத்தான்.

"அவருக்குச் சொல்லுடா ஆண்ட்ரூஸ். நாங்க ஒண்ணும் ஓடிப்போற கூட்டம் இல்ல. மேல மாடி கட்டிக்கிட்டிருக்கோம், யாருக்கு? ஒனக்குத்தான. ரெண்டு மூணு வருசத்துல அந்த வேலைய விட்டுப்புட்டு இங்கிட்டே வந்து, விராலிமலை ரோட்டுல பெரிசா கறிக்கடை போடப்போற. அதச் சொல்லு."

ஆண்ட்ரூஸ் ஏதோ சொன்னான். சந்தனராஜ் பேசியது அவ்வளவு நீளம், இவன் சொன்னது நாலைந்து வார்த்தை. இங்கிலீஷ் தெரியாத வியாகுலமேரிக்கே அது உறைத்தது. மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். எலைஜா மாடிப்படியைப் பார்த்தார், பிறகு ஆண்ட்ரூஸைப் பார்த்தார். ஜோலீன், "சித்தப்பா என்ன சொன்னாங்க?" என்று தமிழிலேயே கேட்டாள். அவன், "நாம வந்தா தங்குறதுக்கு மாடின்னு சொல்றாரு," என்றான்.

மறுநாள் விடிந்ததும் வியாகுலமேரி பின்கட்டில் மகனைப் பிடித்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட நீ என்ன சொல்லியிருக்க?"

"அங்கயே இருப்பேன்னு."

"என்கிட்ட?"

"இங்க வந்துருவேன்னு." அவன் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டையும் பொய்யா சொல்லலம்மா. அவகிட்டச் சொல்றப்ப அதான் நெசம். ஒங்ககிட்டப் பேசுனா இதான் நெசம். அவ அப்பாவ விட்டுட்டு வரமாட்டா. நீங்க இங்க ஒத்தையில இருக்கீங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

திட்ட வேண்டும் என்றுதான் வந்தாள். திட்டு வரவில்லை. அவனை வரச் சொல்லிச் சொல்லி நெருக்கியது அவள்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், எப்படா வருவ என்று கேட்டதும் அவள்தான். பெற்ற மகனை வீட்டுக்குக் கூப்பிடுவது எப்படித் தப்பாகும்? அதே சமயம், கரையில் நின்ற அந்தப் பெண் அவள் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு வியாகுலமேரி ஜோலீனின் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏனோ தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். அன்று கடையில் ஒருவருக்கு ஈரலைப் போடச் சொன்னால் குடலைப் போட்டாள்.

சாயங்காலம் மெர்லினை வரச் சொல்லி, எலைஜாவையும் ஜோலீனையும் மாடிக்கு அழைத்துப்போனாள். ஆண்ட்ரூஸை வர வேண்டாம் என்றுவிட்டாள். பூசாத செங்கல் சுவரும், கதவு மாட்டாத நிலையுமாக இருந்தது மாடி.

"மெர்லின், நான் சொல்றத ஒரு வார்த்த விடாமச் சொல்லு. சுருக்காத."

"சரி பெரியம்மா."

"சம்பந்தி, இந்த மாடி அவனுக்குத்தான். அவன் இங்க வரணும்னு நான்தான் கூப்பிட்டேன். இனிமே கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ண என்னால முடியல. பெத்த வயிறு. நாளைக்கே போன்ல அழுதுருவேன். அவன் அங்கயே இருப்பான்னும் என்னால சொல்ல முடியாது. அவனுக்கே தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒங்க மகளோட வந்தா இது அவன் வீடு. அவள விட்டுட்டு வந்தான்னா, இந்த வாசப்படிக்குள்ள நான் விடமாட்டேன். கோயில்ல வேற பொண்ணு நிக்காது. நான் நிக்க விடமாட்டேன்."

மெர்லின் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள். ஜோலீன் செங்கல் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

எலைஜா சொன்னதை மெர்லின் மெதுவாகத் தமிழாக்கினாள்.

"அந்தக் கடைக்காரங்களுக்கும் எங்கயோ அம்மா இருந்திருப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமான்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க யோசிச்சிருக்காங்க. யாரும் போய்க் கேட்டதில்ல."

"தெரிஞ்சிருக்காது," என்றாள் வியாகுலமேரி. சொல்லிவிட்டு, உண்மையில் தெரியாமல்தான் இருந்திருக்குமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் ஜோலீன் ஆண்ட்ரூஸைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று வியாகுலமேரி கேட்கவில்லை. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. எலைஜா வேட்டி கட்டி, அதன்மேல் பெல்ட் போட்டுக்கொண்டு, மகளைப் பீடம் வரை கைப்பிடித்து அழைத்துப்போனார். சந்தனராஜ் பந்தியில் நின்று, சம்பந்தி பூர்வீகத்தில் நம்மாள் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் மூவரும் விமானம் ஏறினார்கள்.

இப்போது அங்கே பனிக்காலம். ஆண்ட்ரூஸ் கடையில் தோல் வாங்கிக் கட்டுகிறான். ஜோலீன் முழுகாமல் இருக்கிறாள். பிள்ளை அங்கே பிறக்குமா, பிரசவத்துக்கு இங்கே வருவாளா, இல்லை வியாகுலமேரிதான் அங்கே போக வேண்டுமா என்று ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். எலைஜா நடுவில் வந்து அவர் பாஷையில் நாலு வார்த்தை சொல்வார். இவள், "நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" என்பாள். இரண்டு பேருக்கும் அதற்குமேல் வழியில்லை.

வியாகுலமேரி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்த அன்று சந்தனராஜ் கடைக்கு வந்தான்.

"என்னதான் மதினி முடிவு? அவன் வாரானா, நீங்க போறீகளா?"

"தெரியல தம்பி."

"இப்படித் தெரியலன்னே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி?"

"தெரியாதத வேற எப்படிச் சொல்றது? ஒனக்கு நெஞ்செலும்பா, தொடைக்கறியா, அத மொதல்ல சொல்லு. பின்னால ஆளு நிக்குது."